ஊர்க்காரரைத் தேடி வடசென்னைக்கு

2025 ஜனவரி 23, வியாழன். எழும்பூர், பெரம்பூர்

விடியற்காலை எழும்பூரில் இறங்கியபோது நல்ல பனி. தை பிறந்து பத்து நாளாகியும் சென்னையில் மப்ளர் கட்டிய போர்ட்டரைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல்முறை. நிலையத்துக்கு வெளியே டீ 15 ரூபாய். கும்பகோணத்தில் 12. கூடுதல் மூன்று ரூபாய்க்கு என்ன தருகிறார்கள் என்று பார்த்தேன். கண்ணாடி டம்ளருக்குப் பதிலாகக் கையைச் சுடும் காகிதக் கோப்பை.

அந்தக் கோப்பையை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தபடி சற்றுத் தூரம் நடந்து, தாளமுத்து நடராசன் மாளிகையின் வாசலில் போய் நின்றேன். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இருக்கிற கட்டடம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அத்தான் வீடு கட்டியபோது வரைபட அனுமதிக்காக அவருக்குத் துணையாக இங்கே வந்திருக்கிறேன். அன்றைக்குப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, தாளமுத்து தகப்பனார், நடராசன் பிள்ளை, நிலத்தைக் கொடுத்த புண்ணியவானாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்த நினைப்போடு இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பழைய ஆண்டு மலரைப் புரட்டியபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. இருவரும் வெவ்வேறு ஆட்கள். உறவும் கிடையாது, ஊரும் ஒன்று கிடையாது. நடராசன் பெரம்பூர்க்காரர். தாளமுத்து கும்பகோணத்துக்காரர். என் ஊர்! பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கிறேன், மகாமகக் குளத்தின் பதினாறு மண்டபங்களையும் எண்ணிச் சொல்வேன், இவரை மட்டும் தெரியாது. பக்கத்துத் தெருவில் நாலு பேரைக் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

தெரியாதவர்கள் என்னைப் போல இன்னும் இருப்பார்கள் என்பதால் இவ்வளவும் சொல்லிவிடுகிறேன். 1938இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாணக் காங்கிரஸ் அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி என்ற பெயரில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. மறியல், ஊர்வலம், கைது. கைதானவர்கள் 1198 பேர், தண்டனை பெற்றவர்கள் 1179 பேர். அவர்களில் பெண்கள் 73. அம்மாக்களின் இடுப்பில் ஏறிச் சிறைக்குப் போன குழந்தைகள் 32. இத்தனை பேரில் இருவர் சிறைவாசத்தின்போது நோயுற்று மருத்துவமனையில் இறந்தார்கள். 1939 ஜனவரி 15இல் நடராசன், மார்ச் 12இல் தாளமுத்து. இருவரையும் வடசென்னையில் மூலக்கொத்தளம் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரி 21இல் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதைப் பார்க்க அவர்கள் இல்லை.

ஜனவரி 25 மொழிப்போர்த் தியாகிகள் நாள். அன்றைக்கு மூலக்கொத்தளத்தில் இருந்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

பெரம்பூருக்கு ஆட்டோ 300 கேட்டு 250க்கு வந்தது. அந்த மாளிகைப் பெயர் யாருடையது என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "பழைய மந்திரி ஒருவர் ஐயா" என்றார், கொஞ்சமும் தயங்காமல். என்னைவிட அவர் தேவலை. நான் நினைத்த ஆளுக்குப் பதவிகூட இல்லை.

அக்கா வாசலிலேயே பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். ஒரு கவுளி வெற்றிலை, காப்பிப் பொடி அரைக் கிலோ. கும்பகோணத்திலிருந்து வெற்றிலை இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டாள். கத்தரிக்காய் ரசவாங்கி, அப்பளம். சாப்பிடும்போது வந்த காரியத்தைச் சொன்னேன். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அத்தான், தொழிற்சங்கக்காரர். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அது என்ன, எங்கள் பெரம்பூர்க்காரன் முதலில் இறந்தான், பெயரில் மட்டும் உங்கள் ஊர்க்காரன் முன்னால் நிற்கிறான்?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். தாளமுத்து நடராசன் என்றால் வாய்க்குச் சரளமாக வருகிறது, வேறொன்றுமில்லை என்றேன். அப்போதுதான் அத்தானின் குரல் மாறியது. நடராசன் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றபோது மறுத்தவர் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். முதல் பலியானவரை இரண்டாவதாகச் சொல்லிப் பழகியது வாய்ச் சரளத்தால்தானா என்று தலித் ஆய்வாளர்கள் கேட்டுவருகிறார்கள், நீ படித்ததில்லையா என்றார். படித்ததில்லை. மோர் ஊற்றிக்கொண்டு பேசாமல் எழுந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி. தங்கசாலை, இரண்டாவது கடற்கரைச் சாலை

முன்னதாக மறியல் நடந்த இடத்தைப் பார்த்துவிடலாம் என்று தங்கசாலைத் தெருவுக்குப் போனேன். சௌகார்பேட்டையில் நடப்பது என்றால் பாதி நடை, பாதி ஒதுங்கல். ஒரு கையில் சரக்கு வண்டி, மறு கையில் தொலைபேசி என்று வருகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, ஒரு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். அதில் வலது செருப்பின் வார் அறுந்தது.

நடைபாதையில் உட்கார்ந்திருந்த தொழிலாளி செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஒரு வருடம் வரும், நீங்கள் புதிதாக வாங்க வேண்டாம்" என்று சொல்லி, கேட்காமலே இடது வாரையும் தைத்தார். இரண்டுக்கும் சேர்த்து 40 ரூபாய். ஐம்பதைக் கொடுத்தபோது மீதி பத்தைக் கையில் அழுத்தித் திணித்தார். வடசென்னையைப் பற்றி எங்கள் ஊரில் சொல்லி அனுப்பிய எச்சரிக்கைகளில் இந்த மனிதர் இல்லை.

இந்து தியாலஜிகல் பள்ளி இந்தத் தெருவில்தான் இருக்கிறது. 1938இல் தினமும் இதன் முன்னால் மறியல். நடராசன் அந்த டிசம்பர் 5ஆம் தேதி கைதானார். அதற்கு மூன்று வாரம் முன்பு, பெண்கள் மாநாடு கூடி ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்கத் தீர்மானித்த மறுநாள், டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் ஊர்வலமாக வந்து இங்கே கைதானார்கள். மூவலூர் எங்கள் பக்கம், மயிலாடுதுறையை ஒட்டி. தஞ்சைச் சீமை வண்டிவண்டியாக ஆள் அனுப்பியிருக்கிறது. நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததைக் காவலாளி ரசிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட வந்தீர்களா என்றார். இல்லை என்றதும் தள்ளி நிற்கச் சொன்னார். நியாயம்தான், பள்ளிக்கூட வாசலில் வேலையில்லாமல் நிற்கிற ஐம்பத்தெட்டு வயது ஆளை நானும் அப்படித்தான் விரட்டியிருப்பேன்.

கடைப் பலகைகளில் தமிழ், இந்தி, குஜராத்தி, சில இடங்களில் மூன்றும். ஒரு கடையில் முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டேன். இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, 60 ரூபாய். கடித்தால் ஒருபுறம் நொறுங்கி மறுபுறம் வழிகிறது. சட்டையில் தக்காளி. கடைக்காரர் காகிதத்தை நீட்டியபடி, "இதற்குக் குனிந்துதான் சாப்பிட வேண்டும் அண்ணா, முறுக்குக்கு மரியாதை" என்றார். ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம், இவர் நான்காவது தலைமுறை. பள்ளி மறியலைப் பற்றிக் கேட்டேன். "தாத்தா சொல்வார், கடையை மூடிவிட்டு மாடியிலிருந்து பார்த்தார்களாம்" என்றார். பிறகு தன் மகள் பத்தாம் வகுப்புத் தமிழில் 96 எடுத்த கதையைச் சொன்னார். என் பையன் 61. நான் பேச்சை மாற்றினேன்.

மாலையில் பர்மா பஜாருக்குப் பின்னால், இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ என்ற பர்மா உணவு. நூடுல்சைக் கையாலேயே முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் போட்டுப் பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். 70 ரூபாய். சூப்பை எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுகிறார்கள். தள்ளுவண்டி அம்மாவின் தகப்பனார் அறுபதுகளின் நடுவில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவராம். கடையும் நிலமும் அரசுடைமையாகி, உடுத்தியதோடு வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். அவர்களுக்கு ஒரு நினைவு நாள் இருக்கிறதா என்று நான் கேட்டது அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை. "இன்றைக்கா? வெள்ளிக்கிழமை" என்றார்.

ஜனவரி 25, சனி. மூலக்கொத்தளம்

அக்காவிடம் சொல்லாமல் வெற்றிலைக் கட்டிலிருந்து பத்து இலைகளை உருவி, ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரிலிருந்து ஒருவரைப் பார்க்கப் போகிறோம், கையில் ஊர்ப் பொருள் இல்லாமல் எப்படிப் போவது?

கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் மேடை. பழைய கறுப்பர் நகரைச் சுற்றி வெள்ளைக்காரன் எழுப்பிய மதிலின் மூலை இங்கே இருந்தது. அந்த மதிலுக்கான வரியின் பெயரைத்தான் பக்கத்தில் வால்டாக்ஸ் சாலை இன்னும் சுமக்கிறது. மதில் போய்விட்டது. அந்த மூலையில் பிணங்களைப் புதைத்தார்கள்.

பேசின் பாலம் தாண்டுவதற்குள்ளேயே தடுப்பு வைத்துவிட்டார்கள். முதலமைச்சர் வருகிறார். சாலை நெடுக கறுப்பு சிவப்புக் கொடிகள், வெள்ளைச் சட்டைகள், கரை வேட்டிகள், சுண்ணாம்புத் தூள் தூவிய ஓரங்கள். ஒரு பெண் காவலர், "ஐயா, இப்போது விட முடியாது. எல்லோரும் போனபின் மதியம் வந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்" என்று என் சித்தி மகளைப் போலச் சொன்னார். அத்தானுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "சொந்த ஊர்க்காரன் சமாதிக்குப் போக அனுமதியா?" என்றார். ஊர் அவருக்குப் பெரம்பூர். நடந்தால் அரை மணி.

ஆகவே டீக்கடை. இங்கே 12 ரூபாய், கண்ணாடி டம்ளர். வடசென்னை வாழ்க.

பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பெரியவர்கள். ஒருவர் கழுத்தில் கறுப்புத் துண்டு. இன்னொருவர் வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரியில் 1965இல் மாணவர். இருவரும் ஜனவரி 25 யாருடைய நாள் என்பதில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புத் துண்டு சொன்னது: 1964 ஜனவரி 25இல் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார், அவருக்காகத்தான் இந்த நாள். கல்லூரிக்காரர் சொன்னது: 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆக இருந்தது. அன்றைக்குத் துக்க நாள் என்று அண்ணா அறிவித்தார். குடியரசு நாளை அவமதிக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் ஒரு நாள் முன்னால் தள்ளினார். மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்ததும் அந்த 25ஆம் தேதிதான்.

இரண்டுமே நடந்தவைதான். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்கவில்லை. "அதற்குப் பிறகு விழுந்த பிணங்களுக்குக் கணக்கு உண்டா?" என்று கல்லூரிக்காரர் தம் முழங்காலைத் தட்டிக் காட்டினார். தடியடி வாங்கிய கால். அரசுக் கணக்கில் இரண்டு காவலர்களையும் சேர்த்து சுமார் 70 பேர். 500 வரை என்பது வெளியே சொல்லப்படும் கணக்கு. பக்தவத்சலம் ஆட்சியில் எண்ணப்படாமல் போனவர்களுக்குப் பிறகு வந்த எந்த ஆட்சி பட்டியல் போட்டது என்றார் கறுப்புத் துண்டு. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். இன்னொரு டீ சொன்னார்கள்.

எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. உள்ளே படுத்திருக்கும் இருவரில் ஒருவரும் ஜனவரி 25இல் இறக்கவில்லை. நடராசன் இறந்தது பொங்கல் சமயத்தில். ஊரே விடுமுறையில் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும். தாளமுத்துவின் மார்ச் 12 பெரும்பாலும் தேர்வுக் காலம். யாருக்கும் வசதிப்படாத நாட்களில் இறந்ததால், மற்றவர்களின் நாளில் இவர்களுக்கு மாலை விழுகிறது. இதைச் சொன்னதும் பெஞ்சில் இருவரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். வெளியூரா என்று கேட்டார்கள்.

முதலமைச்சர் வந்து போனார். நாங்கள் பார்த்தது கார்களின் வரிசையை மட்டும். பிறகு ஒவ்வொரு அணியாக உள்ளே போனது. ஒரு கொடி சாலையைக் காலி செய்த கையோடு அடுத்த கொடி. அத்தான் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிக்குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சிறையில் போட்ட கட்சியும் இன்றைக்கு மாலை போடுகிற கட்சியும் ஒரே கூட்டணியில் இருக்கிறதாம். இன்னொரு கட்சியின் ஆட்சியில்தான் இதே மயான நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் புறப்பட்டார்களாம். அப்போது நினைவிடத்துக்கு ஆபத்து என்று எதிர்த்து நின்றவர்களும் இன்றைக்கு வந்திருக்கிறார்களாம். எல்லோர் துண்டிலும் ஒரே வெள்ளை, கரையில்தான் நிறம் வேறு.

ஒன்றரை மணிக்குத்தான் உள்ளே போக முடிந்தது. வெயில் ஏறிவிட்டது. காலையில் மப்ளர், மதியம் வியர்வை. நினைவிடம் புதுப்பித்துப் பளபளவென்று இருந்தது. தாளமுத்து, நடராசன், கூடவே டாக்டர் தருமாம்பாள். இங்கே மூன்று பெயர்களும் தனித்தனி. என் இருபது வருடத் தப்புக்கு இங்கே இடமில்லை. மலர் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து, மேலே இருந்ததன் நாடா மட்டும் படிக்க முடிந்தது. அடியில் இருந்தவர்கள் எந்தக் கட்சியோ. சுற்றிலும் சாதாரண மேடுகள், செம்பருத்தி, காய்ந்த சாமந்தி, யாரோ நேற்றைக்கு ஊற்றிய பால் பாக்கெட்.

வெற்றிலையை எடுத்து ஓரமாக வைத்தேன். சாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆட்களை மேற்பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வேகமாக வந்தார்.

"ஐயா, இது சுயமரியாதைக்காரர்கள் நினைவிடம். வெற்றிலை பாக்கு, ஊதுவத்தி எல்லாம் இங்கே கூடாது."

படையல் இல்லை, ஊர் வெற்றிலை, அவர் எங்கள் ஊர் என்றேன். எந்த ஊராக இருந்தாலும் கூடாது என்றார். அத்தான் குறுக்கே வந்தார்: பூ வைத்தால் பகுத்தறிவு, இலை வைத்தால் மூடநம்பிக்கையா? இரண்டுமே செடியில் பறித்ததுதானே? அவர் இவரைப் பார்த்தார், இவர் அவரைப் பார்த்தார். இருவரும் ஒரே வயது, ஒரே மாதிரி மீசை. ஒரு நிமிடத்தில் இது அடிதடியில் முடியும் என்று எனக்குத் தோன்றியது. நான் இலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். எடுத்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. அவர் சொன்னதிலும் ஒரு நேர்மை இருந்தது. மற்றவர்கள் யாரும் அந்த இடத்தின் கொள்கை என்ன என்று யோசித்ததாகவே தெரியவில்லை, இவராவது யோசித்தார்.

வெளியே வரும் வழியில் குடியிருப்பு. அதைக் கட்டக் கூடாது என்று அன்று நாளிதழில் படித்தபோது நானும் கொதித்தவன்தான். சமாதி மேல் வீடா என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொதித்தேன். கீழே குடங்களோடு நின்ற அம்மாவிடம், மயானத்தை ஒட்டி இருக்கப் பயமாக இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பிணம் என்ன செய்யும்? தண்ணீர் வரும் நேரத்தில் இங்கே நின்று பாருங்கள், உயிரோடு இருப்பவர்களைக் கண்டால்தான் பயமாக இருக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவராகவே சொன்னார்: அவர் மகனுக்கு மண்ணடியில் மூட்டை தூக்கும் வேலை, விடியற்காலை மூன்று மணிக்குப் போக வேண்டும். இந்த இடம் கிடைக்காமல், மற்றவர்களைப் போலத் தொலைவில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தால் வேலை போயிருக்கும். உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் தெரியுமா என்றேன். தமிழுக்காகச் செத்தவர்கள், வருடத்துக்கு ஒரு நாள் மைக் செட் வரும், அன்றைக்குத் துணி காயப்போட விடமாட்டார்கள் என்றார்.

என் கையிலிருந்த துணிச் சுருளை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கும்பகோணம் வெற்றிலை என்றேன். இரண்டு இலை எடுத்து, காம்பு கிள்ளி, முந்தானையில் முடிந்திருந்த சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். இளசு என்றார். எட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மேற்பார்வைக்காரர் பார்த்திருந்தால் இதையும் ஏதாவது சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து அக்கா சூடாக்கிய வெண்டைக்காய்க் குழம்பைச் சாப்பிடும்போது அத்தானின் தொலைபேசியில் செய்தி. எழும்பூர் மாளிகை வளாகத்தில் தாளமுத்து, நடராசன் இருவருக்கும் சிலை வைக்கப்போவதாக முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். நல்லது, இனி யாரும் தகப்பன் மகன் என்று நினைக்கமாட்டார்கள் என்றேன். அத்தான் செய்தியை இரண்டு முறை படித்தார். இதிலும் உங்கள் ஊர்க்காரன்தான் முன்னால் என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு. காசிமேடு, மறுபடியும் எழும்பூர்

காலை ஐந்து மணிக்குக் காசிமேடு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கணுக்கால் வரை மீன் தண்ணீர். தைத்த செருப்பு தாக்குப்பிடித்தது. வஞ்சிரம் கிலோ 1100 சொன்னார்கள், அத்தான் வாங்கியது சங்கரா, 350. பேரம் பேசத் தெரியாத நான் தள்ளி நிற்க உத்தரவு. ஏலம் விடுகிறவர் ஒரே மூச்சில் சொல்லும் தொகைகள் எந்த மொழி என்றே எனக்கு விளங்கவில்லை. படகுகளில் சிறிய மூவர்ணக் கொடிகள். அறுபது வருடங்களுக்கு முன் இதே தேதியில் எத்தனையோ வீடுகளில் கறுப்புக் கொடி ஏற்றத் திட்டமிருந்தது. கோடம்பாக்கத்தில் சிவலிங்கம் தீக்குளித்ததும், மறுநாள் விருகம்பாக்கத்தில் அரங்கநாதன் தீக்குளித்ததும் இதை ஒட்டித்தான். பெரம்பூருக்குத் திரும்பியபோது தெருமுனையில் கொடியேற்றிவிட்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

சங்கராவைப் பற்றி ஒன்றுதான். அக்கா வைத்த மாங்காய் போட்ட குழம்பை அடுத்த நாள் பழையதோடு சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லை.

இரவு ரயிலுக்கு அத்தான் கூடவே வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. காரணம் எழும்பூரில்தான் தெரிந்தது. நிலையத்துக்குள் போகாமல் நேராக மாளிகை வாசலுக்கு இழுத்துப் போனார். வெளிக்கதவு மூடியிருந்தது. விடுமுறை நாளில் இரவு ஒன்பதரைக்கு இரண்டு பேர் கம்பிகளுக்கு நடுவே முகத்தை நுழைத்துப் பார்ப்பதைக் கண்டு காவலர் எழுந்து வந்தார். அத்தான் அவரிடம் மிகுந்த மரியாதையோடு, சிலை எங்கே வைக்கப்போகிறார்கள் என்று கேட்டார். எந்தச் சிலை என்றார் அவர். தாளமுத்து, நடராசன் என்றேன் நான். நடராசன், தாளமுத்து என்றார் அத்தான். அவருக்குச் சிலையா என்று கேட்டார் காவலர்.

"அவர் இல்லை, அவர்கள்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பிறகு அத்தான் கம்பி வழியாகக் கையை நீட்டி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அளந்தார். உள்ளே நுழைகிறவனுக்கு வலப்பக்கம் யார் நிற்க வேண்டும் என்று ஆரம்பித்தார். உள்ளே நுழைகிறவனுக்கா, வெளியே வருகிறவனுக்கா என்று காவலர் திருப்பிக் கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.